மேலே வராத மேசை

அத்தியாயம் 14

பதினோரு மணி என்று சொல்லியிருந்தார் அப்பா. பதினொன்று இருபது ஆகியும் அரச பூங்காவின் வடக்கு வாசலில் அவரைக் காணோம்.

"பாத்தியா?" என்றாள் அம்மா.

அந்த ஒரு வார்த்தைக்குள் முப்பத்தாறு வருடக் குடித்தனம் இருந்தது. பாப்பா போனை எடுத்துப் பார்த்தாள். அழைப்பு எதுவும் இல்லை.

பாப்பாவுக்கு வயது முப்பத்து நான்கு. கண்ணாடிக் கடையில் ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குப் பார்வை சோதித்து எழுதிக் கொடுக்கிறவள். கல்யாணமாகி ஏழு வருடம். ஆனாலும் பெற்றவர்களுக்கு அவள் பாப்பாதான். அவர்களைப் பார்த்து அவள் வீட்டுக்காரரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் கடை முதலாளி வரை போய்விட்டது.

அம்மா கோபித்துக்கொண்டு பாப்பா வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்" என்றுதான் வந்தாள். இப்போது துணி அலமாரியில் இரண்டு தட்டு அவளுடையது. ஏன் வந்தாள் என்று அவளும் சொல்லவில்லை. வா என்று அப்பாவும் நேரில் வந்து கூப்பிடவில்லை. அப்பா வீடு ஒன்றும் கடல் தாண்டி இல்லை. இரண்டே பஸ் நிறுத்தம்.

ஆனால் அப்பா வாராவாரம் பாப்பாவுக்குப் போன் செய்வார். "மிக்ஸி ரெடி பண்ணிட்டேன். அம்மாவ வரச் சொல்லு."

அம்மா கிளம்பிப் போன அன்று காலையில் அவர் சமையலறை மேசையில் மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்தார். அதனால்தான் போய்விட்டாள் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். இந்தச் செய்தியைப் பாப்பா அம்மாவிடம் சொல்வாள். அம்மா கூரையைப் பார்ப்பாள். விடாக்கண்டனும் கொடாக்கண்டியும். நடுவில் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்கியது பாப்பா.

போன வாரம் அவள் வீட்டுக்காரர் வாய் திறந்தார். கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிற மனிதர், எதற்கும் பதற்றப்படாதவர். "ரெண்டு பேரையும் ஒரு இடத்துல நேருக்கு நேர் உக்கார வை. முடியலன்னா சொல்லு, நான் போய் உங்கப்பா வீட்ல இருந்துக்கறேன்."

அப்பாவிடம் கேட்டதும் உடனே சரி என்றார். இடமும் அவரே சொன்னார். "கோடை மண்டபம். அரச பூங்காவுல. புதன்கிழமை."

இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் மடித்துக்கொண்டிருந்த புடவையைக் கீழே வைத்தாள். பிறகு, "அங்கயா சொன்னாரு?" என்றாள். கல்யாணமான புதிதில் இருவரும் ஒரே ஒரு முறை வெளியே போனது அந்த மண்டபத்துக்குத்தான். இன்று காலை கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நின்றாள். முத்துத் தோடு போட்டுக்கொண்டாள். போட்டதைக் கழற்றினாள். மறுபடி போட்டாள்.

பாப்பா அதைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் அம்மாவை அப்பா வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும் காட்சியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டாள்.

பதினொன்றரைக்குப் போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?" என்றார் அப்பா.

"வாசல்ல நிக்கறோம்ப்பா! அரை மணி நேரமா!"

"வாசல்ல எதுக்கு நிக்கறீங்க? மண்டபம்னுதானே சொன்னேன்? நான் பத்தரைக்கே வந்து வரிசையில இடம் பிடிச்சு வெச்சிருக்கேன். சீக்கிரம் வாங்க. ஒரு தடவைக்கு இருபது பேரைத்தான் உள்ள விடுவாங்க."

பூங்கா பெரியது. வெட்டி விட்ட செடிகளுக்கு நடுவே சரளைக் கல் பாதை நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போயிற்று. அம்மா புதுச் செருப்பில் நடந்தாள். "கிட்டத்துலதான்" என்று பாப்பா மூன்று முறை சொன்னாள்.

குளத்தைத் தாண்டியதும் மண்டபம் தெரிந்தது. எட்டுப் பக்கம், பக்கத்துக்கு ஒரு நெட்டைச் சன்னல், உச்சியில் தங்க முலாம் பூசிய சின்னக் குமிழ். படிக்கட்டில் வரிசை. வரிசையின் முன்னால் அப்பா, சட்டைப் பையில் மூன்று பேனாவும் ஒரு டார்ச்சும் செருகியபடி.

எட்டு மாதம் கழித்து மனைவியைப் பார்க்கிற மனிதர் என்ன சொல்வார்? பாப்பா ஒரு படி கீழே ஒதுங்கி நின்றாள்.

"புதுச் செருப்பா?" என்றார் அப்பா. "உள்ள போறப்ப துணி உறை மாட்டணும். தரை வழுக்கும், பாத்து வா."

அம்மா கூரை இல்லாத இடத்தில் வானத்தைப் பார்த்தாள்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். சுவர் முழுக்கப் பீங்கானில் செய்த பூக்கள், ஒவ்வொரு இதழும் தனித்தனியாக. பூக்களுக்கு இடையே கண்ணாடிச் சில்லுகள் பதித்திருந்தார்கள். சன்னல் வெளிச்சம் அதில் பட்டு, வந்தவர்கள் முகத்திலெல்லாம் புள்ளி புள்ளியாக விழுந்தது. அம்மாவின் முத்துத் தோட்டிலும் விழுந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தரையின் நடுவில் வட்டமாக ஒரு குழி. சுற்றிக் கயிற்றுத் தடுப்பு. குழிக்குள், இடுப்பளவு ஆழத்தில் ஒரு வட்ட மேசை.

வழிகாட்டிப் பெண் தொண்டையைச் செருமிக்கொண்டாள். இருபத்தைந்து வயது இருக்கும். அவள் கண் அப்பா மேல் பட்டதும் முகம் சட்டென்று மாறியது.

"இந்த மண்டபத்தோட அதிசயம் இந்த மேசைதான்" என்று அவள் தொடங்கினாள். "கீழே சமையலறை. சாப்பாடு எல்லாத்தையும் அங்கயே மேசையில பரிமாறி, கயிறு கட்டி அப்படியே மேலே தூக்குவாங்க. மன்னரும் அரசியும் தனியா சாப்பிடலாம், பக்கத்துல வேலைக்காரங்க யாரும் நிக்கவேண்டாம். ஒரு நாள் அரசி இறந்துட்டாங்க. அன்னிக்கு மன்னர் சொன்னாராம், 'இனிமே இந்த மேசை மேலே வரக் கூடாது.' அன்னிலேர்ந்து இது மேலே வரவே இல்ல."

கூட்டத்தில் ஒரு பெண்மணி "ச்சு" என்றாள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அப்பா கையைத் தூக்கினார்.

"அப்பா, வேண்டாம்" என்றாள் பாப்பா.

"ஒரே ஒரு விஷயம்" என்றார் அப்பா. "ஏம்மா, துக்கத்துல நிறுத்தியிருந்தா முழுசா கீழ இறக்கி, மேல பலகை போட்டு மூடியிருப்பாங்களா இல்லையா? இது பாதியில நிக்குது. அதுவும் நேரா நிக்கல. அந்தப் பக்கம் ரெண்டு விரக்கடை இறங்கியிருக்கு. சாஞ்சு நின்னா சிக்கியிருக்குன்னு அர்த்தம். கவுன்ட்டர் வெயிட்டோட, அதாவது எடைக்கல்லோட, கயிறு கப்பியில இருந்து நழுவியிருக்கு. நாப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன் சொல்றேன். மன்னர் துக்கமும் இல்ல ஒண்ணும் இல்ல. பராமரிப்பு சரியில்ல."

"ஐயா, ப்ளீஸ்" என்றாள் அந்தப் பெண். "போன தடவையே சொன்னேன். கேள்விகள் கடைசியில."

"கடைசியில கேட்டா நேரமாச்சுன்னு வெளிய அனுப்பிடறீங்களே!"

அவர் டார்ச்சை எடுத்தார். தடுப்புக் கயிற்றுக்கு மேலே குனிந்து குழிக்குள் வெளிச்சம் அடித்தார். மூலையில் நின்ற காவலர் ஓடி வந்தார். கூட்டம் முணுமுணுத்தது. "யாருப்பா இந்த ஆளு" என்றது ஒரு குரல். "அவர் சொல்றதும் சரிதானே, சாஞ்சுதான் இருக்கு" என்றது இன்னொன்று. இரண்டு பேர் எட்டிப் பார்க்க, பின்னால் இருந்தவர்கள் தள்ள, துணி உறை மாட்டிய நாற்பது கால்கள் ஒரே நேரத்தில் வழுக்கத் தொடங்கின. வழிகாட்டிப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எல்லோரும் தயவுசெய்து இரண்டடி பின்னால் நகர்ந்து நிற்கவும்."

அம்மாதான். குரலை உயர்த்தக்கூட இல்லை. இருபது பேரும் ஒரே சமயத்தில் பின்வாங்கினார்கள், காவலர் உட்பட. இருபத்தொன்பது வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள் அவள். கூட்டத்தில் ஒருவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "இந்தக் குரலை எங்கயோ கேட்டிருக்கேனே" என்றார்.

அப்பா டார்ச்சை அணைத்தார்.

"மன்னிச்சிக்கோம்மா" என்றாள் அம்மா வழிகாட்டியிடம். "இவரு எங்க போனாலும் இப்படித்தான்."

"பரவாயில்லங்க" என்று அந்தப் பெண் மூக்கைத் துடைத்தாள். "எனக்குப் பழகிடுச்சு. ஐயா வர்றது இது ஒன்பதாவது தடவை."

அம்மா மெல்லத் திரும்பினாள். "எத்தனாவது?"

"புதன்கிழமை ஆனா வந்துருவாரு."

பாப்பா கண்ணை மூடிக்கொண்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை வாயே திறக்கவில்லை, அடுத்தவர் வாயால் கெட்டது.

அம்மா யாருக்காகவும் காத்திருக்காமல் வெளியே நடந்தாள். படிக்கட்டில் இறங்கி, குளத்தங்கரையில் கிடந்த கல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அப்பா பின்னாலேயே போனார். பாப்பா அவர்களுக்குப் பின்னால் ஓடினாள். காவலர் பாப்பாவுக்குப் பின்னால் வந்தார்.

"அம்மா, அந்த உறை..." என்றார் காவலர். மூன்று பேர் காலிலும் துணி உறை அப்படியே இருந்தது.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் பாப்பா.

"ஒன்பது தடவை" என்றாள் அம்மா. "நாலு பஸ் மாறி இங்க வந்திருக்கீங்க, ஒன்பது தடவை. ரெண்டு ஸ்டாப் தள்ளி நான் இருந்தேன். ஒரு தடவை வரத் தெரியல. இன்னிக்கு இந்த இடத்தைச் சொன்னதும் நான் ஒரு மடச்சி, என்னமோ பழசை எல்லாம் நெனச்சு..." அவள் நிறுத்திக்கொண்டாள்.

"மிக்ஸி ரெடியாயிடுச்சுன்னு சொல்லி அனுப்பிச்சேனே" என்றார் அப்பா.

"அந்த மிக்ஸியைத் தூக்கி இந்தக் குளத்துல போடுங்க!"

பாப்பாவுக்குத் தலை வலித்தது. "அம்மா, அப்ப எதுக்குத்தான் வீட்டை விட்டு வந்தே? இன்னிக்காவது சொல்லித் தொலையேன்."

அம்மா கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"எனக்கு வழியனுப்பு விழா வெச்சாங்களே, நான் ரிட்டயர் ஆன அன்னிக்கு. நாலு மணிக்கு. ஸ்டேஷன் மாஸ்டர்லேர்ந்து பெருக்கறவங்க வரைக்கும் எல்லாரும் வந்தாங்க. வீட்டுக்காரரும் பக்கத்துல நின்னாத்தான் போட்டோன்னு சொல்லி, அஞ்சரை வரைக்கும் காத்திட்டிருந்தாங்க. எனக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி காலியா. அதோடயே எடுத்தாங்க. இவரு வந்தப்ப நாற்காலியெல்லாம் மடிச்சு அடுக்கிட்டிருந்தாங்க."

"அன்னிக்கு ஒரு அடுக்குமாடியில லிஃப்ட் நின்னுபோச்சு. நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல ஒருத்தர் மாட்டிக்கிட்டாரு" என்றார் அப்பா.

"நீங்க ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு."

"ஆள் உள்ள மாட்டிக்கிட்டு இருக்காரே!"

"யார் மாட்டிக்கிட்டாலும் ஓடுவீங்க. நான் வேண்டாம்னு சொல்லல. ராத்திரி வந்து ஒரு வார்த்தை கேட்டீங்களா? மறுநாள் விடிஞ்சதும் மிக்ஸியைப் பிரிக்க உக்காந்தீங்க."

அப்பா பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது. பாப்பா உட்காரவில்லை.

"வந்தேன்" என்றார் அப்பா. "ரெண்டு தடவை பாப்பா வீட்டுத் தெருமுனை வரைக்கும் வந்தேன். வந்து என்ன சொல்றது? உன்கிட்ட எது கெட்டுப்போச்சுன்னே எனக்குத் தெரியல. இங்க தெரியுது. எங்க சிக்கியிருக்கு, எப்படி எடுக்கணும், எல்லாம் தெரியுது. அதான் இங்க வந்துட்டேன்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, மனுஷா!"

பக்கத்துப் புல்தரையில் படுத்திருந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். அம்மா கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, கடிதம் படிக்கிற குரலில் சொன்னாள்:

"நான் இன்னிக்கு சமாதானம் பேச வரல. ஒரு விஷயம் சொல்லிட்டுப் போக வந்தேன். வடக்குக் கோட்டத்துல புதுசா அறிவிப்பாளர் எடுக்கறாங்க. அவங்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டிருக்காங்க. ஒரு வருஷம். தங்க இடம் தர்றாங்க. நான் ஒத்துக்கிட்டேன். நாளன்னிக்குக் காலையில பத்து நாப்பதுக்கு வண்டி."

"நாளன்னிக்கா?" பாப்பாவின் குரல் கீச்சிட்டது. "நாளைக்கு மறுநாளா? நம்ம வீட்ல உக்காந்துக்கிட்டே இதெல்லாம் பண்ணியிருக்கே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நீ அழுவே. உங்கப்பாகிட்ட சொல்லுவே. அவரு மிக்ஸின்னு சொல்லுவாரு."

காவலர் ஒரு அடி முன்னால் வந்தார். "அம்மா, அடுத்த வரிசைக்கு உறை பத்தல."

பாப்பா குனிந்து தன் காலில் இருந்ததைக் கழற்றினாள். அம்மா காலிலிருந்து கழற்றினாள். அப்பா காலை நீட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார், அவருடையதையும் அவளே கழற்றினாள். ஆறு உறைகளையும் காவலர் கையில் திணித்துவிட்டு நிமிர்ந்தபோது எதிரே ஒரு பெண்மணி நின்றாள். குட்டை முடி, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு கோப்பு.

"இங்க லிஃப்ட் மெக்கானிக் ஐயா யாரு?" என்றாள். "நான் பூங்காவோட சீரமைப்பு அதிகாரி. நீங்க கிளம்பறதுக்குள்ள பிடிக்கணும்னு ஓடி வந்தேன். வழிகாட்டிப் பொண்ணு போன் பண்ணுச்சு."

அப்பா எழுந்து நின்றார். திட்டு விழப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, சட்டைப் பையிலிருந்த டார்ச்சைக் கையால் மூடிக்கொண்டார்.

அவள் கோப்பைத் திறந்தாள். உள்ளே அப்பாவின் கையெழுத்தில் நான்கு கடிதங்கள். கப்பி, கயிறு, எடைக்கல் என்று அளவோடு வரைந்த படங்கள்.

"உங்க கடிதத்தையெல்லாம் முதல்ல நான் சட்டை பண்ணல, உண்மையைச் சொல்லிடறேன். போன வாரம் பக்கச் சுவர்ல ஒரு கல்லை எடுத்து உள்ள கேமரா விட்டுப் பார்த்தோம். நீங்க வரைஞ்சது அப்படியே இருக்கு. கயிறு கப்பியோட வரிப்பள்ளத்துலேர்ந்து நழுவி, எடைக்கல்லு ஒருபக்கமா தொங்குது. கீழ இறங்கிப் பாக்காமலே எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"சாஞ்சிருக்கே" என்றார் அப்பா மெதுவாக.

"கீழ மூடிக் கிடக்கிற சமையலறையைத் திறக்கப் போறோம். எங்க இன்ஜினியர்கள் ரெண்டு பேர் வர்றாங்க, ஆனா அவங்க இந்த மாதிரி பழசைத் தொட்டதே இல்ல. நீங்க பக்கத்துல நிக்கணும். நிப்பீங்களா?"

எட்டு மாதத்தில் பாப்பா பார்க்காத ஒரு வெளிச்சம் அப்பா முகத்தில் வந்தது. அவர் முதலில் அதிகாரியைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். அவளுக்கும் உதடு ஓரம் கொஞ்சம் அசைந்தது. அதை மட்டும் பாப்பா சத்தியம் செய்து சொல்வாள்.

"என்னிக்கு?" என்றார் அப்பா.

"நாளன்னிக்கு. வெள்ளிக்கிழமை, காலையில பத்து மணி."

பாப்பாவுக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

குளத்தில் ஒரு வாத்து தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டது. "ஏன், வசதிப்படாதா?" என்று அதிகாரி மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வசதிப்படும்" என்றாள் அம்மா. "வருவாரு."

"நான் இன்னும் சொல்லல" என்றார் அப்பா.

"நீங்க சொல்ல என்ன இருக்கு? ஒன்பது தடவை வந்தது எதுக்கு? போய் நில்லுங்க."

அதிகாரி குழம்பிப்போய், தன் பெயரும் நம்பரும் இருந்த அட்டையை எடுத்தாள். அப்பாவிடம் நீட்டியவள், என்ன நினைத்தாளோ, கையை மாற்றிப் பாப்பாவிடம் கொடுத்தாள். "ஐயா எதுக்கும் யோசிச்சு இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லட்டும். ஆறு மணி வரைக்கும் ஆபீஸ்ல இருப்பேன்."

அவள் போனதும் அம்மா எழுந்தாள். செருப்பைச் சரி செய்துகொண்டாள்.

"எந்த பிளாட்பாரம்?" என்றார் அப்பா.

"எது?"

"உன் வண்டி."

"அறிவிப்பாங்க. கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அம்மா சரளைப் பாதையில் நடக்கத் தொடங்கினாள்.

பாப்பா நடுவில் நின்றாள். அப்பாவைத் தனியே விட மனம் வரவில்லை. அம்மாவோ நிற்பதாகத் தெரியவில்லை. "நீ அம்மாகூட போ" என்றார் அப்பா. "அந்தச் செருப்பு கடிக்கும் அவளுக்கு. ஆட்டோ பிடிச்சுக்கோ."

வடக்கு வாசலில் ஆட்டோ கிடைக்கவில்லை. பஸ்ஸில்தான் ஏறினார்கள். அம்மா சன்னலோரம் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பாப்பா மனதுக்குள் ஒரு பெரிய சண்டையைத் தயார் செய்துகொண்டிருந்தாள். ஒரு வருஷமா? யாரைக் கேட்டு? எட்டு மாதம் நான் பட்டது எதற்கு? எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் பிடிபடவில்லை.

நான்காவது நிறுத்தத்தில் அம்மாவே வாயைத் திறந்தாள்.

"அந்தப் பொம்பளைக்கு அறிவு வேண்டாம்? நூறு வருஷமா சிக்கிக் கிடக்கிற மேசை. சனிக்கிழமை திறந்தா ஓடியா போயிடும்?"

பாப்பா திரும்பிப் பார்த்தாள். "நான் வேணா போன் பண்ணிக் கேக்கட்டுமா? நம்பர் இருக்கு."

"நீ ஒண்ணும் கேக்க வேண்டாம்." அம்மா வெடுக்கென்று சொன்னாள். "இந்தத் தடவை நீ நடுவுல வராதே. அவரே கேக்கட்டும். கேக்கத் தெரியுதா பாப்போம்."

"அம்மா, நம்பர் என்கிட்டல்ல இருக்கு! அவர்கிட்ட எப்படி..."

அம்மா குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். பாப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று ஐம்பது. ஆறு மணிக்கு இன்னும் நான்கு மணி நேரம். அட்டை அவள் உள்ளங்கை வியர்வையில் நனைந்திருந்தது. அப்பாவை இப்போதே கூப்பிடலாம் என்று போனை எடுத்து அழுத்தினாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.